அஞ்சு சனிக்கிழமை வந்த மாசம்

மாதாந்தர நிதிக் கூட்டத்தில், முதலாளியின் முன்னால் இருக்கும் பெரிய திரையில் ஓர் எண் பளிச்சென்று வந்து நிற்கும். அறையில் இருக்கும் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். அது எங்கிருந்து கிளம்பியது, எத்தனை பேர் கையைத் தாண்டியது, எத்தனை வாக்குவாதத்துக்குப் பிறகு அங்கே வந்து நின்றது என்பதெல்லாம் கணக்குப் பிரிவில் இருக்கும் நாலைந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாலைந்து பேர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. சினிமா ஷூட்டிங் பார்க்கப் போனவர்கள்கூட இவ்வளவு குதூகலமாக வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்!

இடம் திருப்பூர். பின்னலாடை தைத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பும் ஒரு நடுத்தர ஏற்றுமதி நிறுவனம். நிபந்தனை ஒன்றே ஒன்று: கம்பெனி பெயரும் பையர் பெயரும் வெளியே வரக் கூடாது. கணக்கு முழுவதும் டேலியில் இருக்கிறது. ஆர்டர் விவரம் மெர்ச்சன்டைசர்களின் எக்செல் தாள்களில். சம்பளத்துக்கு வேறொரு மென்பொருள். கப்பல் ஆவணங்கள் ஷிப்பிங் பிரிவின் ஃபோல்டர்களில். இவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, முதலாளி ஒரு பார்வையில் பார்க்கும்படி காட்ட ஒரு பிசினஸ் இன்டெலிஜென்ஸ் மென்பொருள் வேண்டும். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக பிஐ என்பார்கள். அதைத் தேர்ந்தெடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

டெமோ நாள் என்றால் என்ன ஒரு ஜோர்! வண்ண வண்ணப் பட்டைகள் எழும்புகின்றன, வரைபடத்தில் ஒரு நாட்டைத் தொட்டால் பக்கத்தில் இருக்கும் அட்டவணை முழுவதும் துள்ளி மாறுகிறது. ஆனால் அந்தத் திரையில் ஓடும் தரவு யாருடையது என்று கவனித்தீர்களானால் ஒரு ரகசியம் பிடிபடும். மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களுக்கு வழக்கமாக வரும் மாதிரித் தரவு அட்வென்ச்சர் வொர்க்ஸ் என்ற கற்பனை சைக்கிள் கம்பெனியுடையது. டேப்லோ என்ற இன்னொரு பிஐ மென்பொருளின் மாதிரித் தரவு சூப்பர்ஸ்டோர் என்ற கற்பனைக் கடை. மேசை நாற்காலியும் காகிதமும் விற்கும். இரண்டும் பிசிறில்லாத தரவு. அங்கே ஒரே சாயப்பட்டறைக்கு மூன்று பெயர் இருக்காது. ஆகஸ்ட் மாதத்தில் உட்கார்ந்துகொண்டு யாரும் ஏப்ரல் தேதியிட்டு வவுச்சர் போட மாட்டார்கள்.

கணக்குப் பிரிவின் தலைவி, எல்லோருக்கும் அவர் மேடம், ஒரு பென் டிரைவை மேசைமேல் வைத்தார். "போன மார்ச் மாசத்து டேலி டேட்டா இதுல இருக்குதுங்க. இதை வச்சு எங்களுக்குக் காட்டுங்க" என்றார். எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. மார்ச்சைத் தேர்ந்தெடுத்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். வருடத்தின் கடைசி மாதம் அது. தேய்மானம், இருப்பு மதிப்பீடு, நிலுவைச் செலவுகளுக்கான ஒதுக்கீடு, ஆடிட்டர் சொல்லிப் போட்ட ஜர்னல் என எல்லாப் பூதமும் அந்த ஒரு மாதத்தில்தான் வெளியே வரும். மார்ச்சைத் தாங்கும் மென்பொருள் மற்ற 11 மாதங்களைத் தாங்கிவிடும்.

மூன்று விற்பனை

முதல் சோதனையே அமர்க்களம். "இந்த மாசம் விற்பனை எவ்வளவுங்க?" என்று முதலாளி கேட்டார். மூன்று பதில் வந்தது! மெர்ச்சன்டைசர் ஒரு தொகை சொன்னார், ஷிப்பிங் மேனேஜர் இன்னொன்று, கணக்குப் பிரிவு வேறொன்று.

"இதுல எதுங்க நெசம்?"

"மூணுமே நெசந்தானுங்க சார்" என்றார் மேடம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அடுத்து அவர் விளக்கியதைக் கேட்டபோதுதான் இந்த வேலையின் ருசி எனக்குப் புரிந்தது. மெர்ச்சன்டைசர் டாலரில் யோசிக்கிறவர். பேக்கிங் முடிந்து பெட்டி கட்டியாகிவிட்டால் அவருக்கு அது விற்பனை. ஷிப்பிங் பிரிவுக்கு ஷிப்பிங் பில் தேதிதான் கணக்கு. ரூபாய் மதிப்புக்குச் சுங்கத்துறை அறிவிக்கும் மாற்று விகிதம். கணக்குப் பிரிவோ, எஃப்ஓபி ஆர்டராக இருந்தால் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறிய தேதியைப் பார்க்கிறது. பொறுப்பு பையருக்குக் கைமாறுவது அங்கேதான் என்பதால் அன்றைய விகிதத்தில் விற்பனையை எழுதுகிறது. 30-ஆம் தேதி கேட்டைத் தாண்டிய கன்டெய்னர் மறுமாதம் 2-ஆம் தேதி கப்பலேறினால் போச்சு, மூன்று பேரும் மூன்று மாதிரி.

பணம் வங்கிக்கு வரும்போது நான்காவதாக ஒரு தொகை முளைக்கும். 50,000 டாலர் இன்வாய்ஸ் என்று வைத்துக்கொள்வோம். கப்பலேறிய அன்று டாலர் 84 ரூபாய் என்றால் விற்பனை 42 லட்சம். பணம் வரும் நாளில் 85.50 ஆகியிருந்தால் வங்கியில் விழுவது 42.75 லட்சம். கூடுதலாக வந்த 75,000 ரூபாய் அந்நியச் செலாவணி ஆதாயமே தவிர விற்பனை ஆகாது. அதை விற்பனையோடு சேர்த்துக் காட்டினால் ரூபாய் சரிந்த மாதமெல்லாம் மெர்ச்சன்டைசர் சாதித்த மாதம்போலத் தெரியும்.

ஆகவே மென்பொருள் வாங்கும் முன்பே ஒரு ஏ4 தாள் தயாரானது. நிகர விற்பனை என்றால் எந்தத் தேதி, எந்த விகிதம். ஆர்டர் லாபம் என்றால் சுங்க வரியைத் திருப்பித் தரும் டிராபேக்கும், மாநில மத்திய வரிகளைத் திருப்பித் தரும் ஆர்ஓஎஸ்சிடிஎல் சலுகையும் சேர்ந்ததா, சேராததா. இதில் ஆர்ஓஎஸ்சிடிஎல்லைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்குத்தான் பெரிய சண்டை. சேர்த்தால் சில ஆர்டர்கள் லாபம். சேர்க்காவிட்டால் அதே ஆர்டர்கள் நஷ்டம். கடைசியில் இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டுவது என்று ஆடிட்டர் முன்னிலையில் முடிவாயிற்று. ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முழுத் திட்டத்தில் ஆக விலை குறைந்த பொருளும் ஆக முக்கியமான பொருளும் அந்தத் தாள்தான் என்பது என் கட்சி.

கூட்டக் கூடாததைக் கூட்டும் திரை

டெமோவில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அடுத்து வந்தது. மென்பொருள் விற்க வந்த ஒரு பிரதிநிதி, வருடம் முழுவதற்கும் பையர்கள் தர வேண்டிய பாக்கியை அழகான கட்டத்தில் காட்டினார். தொகையைப் பார்த்து முதலாளியே மிரண்டுவிட்டார். நடந்தது இதுதான்: மென்பொருள் 12 மாத முடிவு பாக்கிகளையும் ஒன்றாகக் கூட்டியிருந்தது! விற்பனையை மாதா மாதம் கூட்டலாம். பாக்கியை, இருப்பை, வங்கிக் கையிருப்பை அப்படிக் கூட்ட முடியாது; கடைசித் தேதியில் என்ன இருக்கிறதோ அதுதான். இந்த வேற்றுமையை மென்பொருளுக்கு ஒரு மனிதர் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

சராசரியிலும் அதே கூத்து. 10 லட்சம் ரூபாய் ஆர்டரில் 20 சதவீத லாபம், 90 லட்சம் ரூபாய் ஆர்டரில் 4 சதவீத லாபம் என்றால், இரண்டு சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து 12 என்று காட்டிவிடுவது எளிது. நிஜ லாபம் 2 லட்சமும் 3.60 லட்சமும் சேர்ந்து ஒரு கோடி ரூபாய்க்கு 5.60 லட்சம், அதாவது 5.6 சதவீதம். பன்னிரண்டு என்று நம்பி அடுத்த ஆர்டருக்கு விலை குறைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, வருடம். இந்த மென்பொருள்களுக்கெல்லாம் வருடம் ஜனவரியில் பிறக்கிறது. நமக்கு ஏப்ரல் 1. மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐயில் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வரும் சூத்திரத்தில் வருட முடிவுத் தேதியைச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. அங்கே மார்ச் 31 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் டிசம்பர் 31 என்று அதுவே எடுத்துக்கொள்ளும். தொகையும் மில்லியனில் வந்து நின்றதைப் பார்த்து முதலாளி, "லட்சம், கோடியில காட்டுங்க தம்பி, எனக்கு மனசுல நிக்க மாட்டேங்குது" என்றார். நியாயமான கோரிக்கை. எண் மனதில் நிற்காவிட்டால் முடிவு எப்படி எடுப்பார்?

பெரிய நிறுவனங்களே இந்தக் கூட்டல், சராசரி விவகாரத்தில் விழுந்திருக்கின்றன. 2012-ல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் லண்டன் அலுவலகத்தில் நடந்த வர்த்தகம் 600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் கொடுத்தது. 'லண்டன் திமிங்கிலம்' என்று உலகமே பேசியது. காரணங்கள் பல. வங்கி தானே 2013 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் அவற்றில் ஒன்றையும் சொன்னது: அபாயத்தை அளக்கும் கணக்கு பல எக்செல் தாள்களில், கையால் காப்பி, பேஸ்ட் செய்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஓரிடத்தில் சராசரியால் வகுப்பதற்குப் பதிலாகக் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். அபாயம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. திருப்பூர் மேடம் இந்தக் கதையைத் தன் குழுவுக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்!

எதை வாங்கினார்கள்?

ஆளாளுக்கு இதைத்தான் முதலில் கேட்பார்கள், நானும் கேட்டேன். பதிலுக்கு முன் ஒரு வார்த்தை: பிஐ துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே இப்படி ஓர் அமைப்பைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிறகு பல பத்தாண்டுகள் இது பெரிய கம்பெனிகளின் விளையாட்டு. 2007-ல் ஒரே வருடத்தில் ஹைப்பீரியனை ஆரக்கிள் வாங்கியது. பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை எஸ்ஏபியும் காக்னாஸை ஐபிஎம்மும் வாங்கப்போவதாக அறிவித்தன. அந்தக் காலத்தில் ஒரு பின்னலாடை நிறுவனம் இதையெல்லாம் நினைத்துப் பார்த்திருக்குமா? 2015-ல் பவர் பிஐ வந்தபிறகு, ஒரு அக்கவுண்டன்ட் தன் கணினியில் இலவசமாக இறக்கி, அன்று மாலையே முதல் படத்தை வரைந்துவிட முடிகிறது. இதை நினைத்தாலே எனக்கு உற்சாகம் பொங்குகிறது.

மேசையில் நான்கு பெயர்கள் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2003-ல் பிறந்து, 2019-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் கைக்குப் போன டேப்லோ, படம் வரைவதில் கொள்ளை அழகு. ஆனால் லாப நஷ்டக் கணக்கை வரி வரியாகக் காட்டுவதற்குப் படத்தைவிட அட்டவணைதான் முக்கியம். ஜோஹோ அனலிட்டிக்ஸ் நம் ஊர்க்காரர்களுடையது. கணக்கு ஜோஹோ புக்ஸில் இருக்கும் கம்பெனி யோசிக்கவே வேண்டாம், அதையே எடுக்கலாம். ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் 1993-ல் தொடங்கிய க்ளிக் என்னைச் சொக்க வைத்தது. நீங்கள் தேர்ந்தெடுத்தது பச்சையில், அதோடு தொடர்புள்ளவை வெள்ளையில், தொடர்பே இல்லாதவை சாம்பல் நிறத்தில் வரும். இந்த மாதத்தைத் தொட்டதும், இந்த மாதம் வேலையே கொடுக்கப்படாத ஜாப் ஒர்க் யூனிட்டுகள் எல்லாம் சாம்பலில் வரிசைகட்டி நின்றன! இல்லாததைக் காட்டும் திறமை எத்தனை மென்பொருளுக்கு இருக்கிறது?

கடைசியில் அவர்கள் எடுத்தது பவர் பிஐ. காரணம் சாதாரணமானது, ஆனால் சரியானது. அதற்குள் தரவைச் சுத்தம் செய்யும் பவர் குவரி என்ற பகுதி 2016 எக்செல்லிலிருந்தே எக்செல்லுக்குள்ளும் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் இரண்டு பேர் அதில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பது ஆறு மாதம் கழித்து அதை யார் பராமரிப்பார்கள் என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான். நம் ஆட்கள் கையாளத் தெரிந்த சுமாரான மென்பொருள், யாருக்கும் தெரியாத உசத்தியான மென்பொருளைவிட மேல்.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பவர் பிஐ ப்ரோ லைசென்ஸ் ஒரு ஆளுக்கு மாதம் 10 டாலராக இருந்தது, 2025 ஏப்ரலில் 14 டாலர் ஆனது. வழக்கமான ப்ரோ ஏற்பாட்டில் அறிக்கை செய்கிறவருக்கு மட்டுமல்ல, பகிர்ந்ததைப் பார்க்கிறவருக்கும் லைசென்ஸ் வேண்டும். எனவே எத்தனை பேர் செய்வார்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று எண்ணுங்கள்.

ராத்திரி டேலி

இனி நான் சொல்லப்போவது வெளியில் யாரும் பார்க்காத காட்சி. அலுவலகம் பூட்டியபிறகு ஒரே ஒரு கணினி மட்டும் விழித்திருக்கிறது. மானிட்டரில் பெரிய எழுத்தில் ஒரு தாள்: "அணைக்காதீர்கள்". டேலியிலிருந்து தரவை வெளியே எடுக்க, டேலி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கம்பெனியும் திறந்திருக்க வேண்டும். வழக்கமாக 9000 என்ற போர்ட் வழியாக மற்ற மென்பொருள்கள் அதனிடம் கேள்வி கேட்கும், டேலி பதில் சொல்லும். நல்லெண்ணத்தோடு யாராவது மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைத்துவிட்டுப் போனால், காலையில் முதலாளி பார்ப்பது முந்தாநாள் கணக்கு. அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கடைசியாகத் தரவு எடுத்த தேதியும் நேரமும் இருக்கின்றன. இந்த ஒரு வரியை எல்லாக் கம்பெனிகளும் போட வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, கேட்டால் அசந்துவிடுவீர்கள். ராத்திரி ராத்திரி முழு டேட்டாவையும் எடுக்க நேரமாகும். கடைசி சில நாட்களின் வவுச்சர்களை மட்டும் எடுத்தால் போதும் என்று தோன்றும். செப்டம்பரில் உட்கார்ந்து ஏப்ரல் தேதியில் ஒரு வவுச்சரைத் திருத்தினால்? தேதியைப் பார்த்துத் தரவு எடுக்கும் ஏற்பாடு அதைத் தவறவிட்டுவிடும். டேலி ஒவ்வொரு வவுச்சருக்கும் உள்ளுக்குள் ஒரு ஆல்டர் ஐடி எண் வைத்திருக்கிறது. வவுச்சரைத் தொட்டுத் திருத்தினால் அந்த எண் ஏறும். போன முறை எடுத்த எண்ணுக்கு மேல் உள்ளவற்றைக் கேட்டால், தேதி எதுவானாலும் திருத்தியது சிக்கிவிடும்! நீக்கிய வவுச்சர் மட்டும் இதில் அகப்படாது. அதற்காக வாரம் ஒருமுறை முழுத் தரவையும் எடுத்து ஒப்பிடுகிறார்கள்.

திருத்தியவரைக் கண்டுபிடிப்பதும் இப்போது எளிது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தடம் பதிய வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியக் கூடாது என்பது விதி. பிஐ பக்கத்தில் ஓர் எண் நேற்றுக்கும் இன்றைக்கும் மாறியிருந்தால், டேலியின் எடிட் லாகில் அதற்கான காரணம் காத்திருக்கும்.

பெயர்ச் சிக்கலும் ராத்திரி வேலையில்தான் தீர்ந்தது. ஒரே சாயப்பட்டறை ஒரு லெட்ஜரில் 'டையர்ஸ்', இன்னொன்றில் 'டையிங்', மூன்றாவதில் சுருக்கெழுத்து. மூன்று பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதுபோலத் தெரிந்தது. கூட்டினால் கம்பெனியின் மிகப் பெரிய செலவினங்களில் ஒன்று! பெயரை நம்பாமல் ஜிஎஸ்டி எண்ணைப் பிடித்தார்கள். 15 இலக்கம், முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து அந்த நிறுவனத்தின் பான் எண். பெயர் எப்படி எழுதியிருந்தாலும் அந்தப் பத்து இலக்கம் மாறாது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன யூனிட்டுகளுக்கு மட்டும் கையால் ஒரு பட்டியல்.

அந்த ஆகஸ்ட்

எல்லாம் இணைந்து, ட்ரையல் பேலன்ஸோடு வித்தியாசம் பூஜ்ஜியம் என்று சரிபார்ப்புப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தபோது, கணக்குப் பிரிவே ஆரவாரம் செய்தது. மூலையில் இருந்த நானும்தான்! எண்கள் நம்பும்படி ஆனபிறகுதான் அவை பேசத் தொடங்குகின்றன.

முதலில் பேசியது கூலி. ஒரு பீஸுக்கு ஆகும் தையல் கூலி மாதா மாதம் கோடாக ஓடியது. 2025 ஆகஸ்டில் கோடு சட்டென்று மேலே ஏறி, செப்டம்பரில் இறங்கியது. தையலில் ஏதோ பிரச்சினை, ஓவர்டைம் அதிகம், ஆள் பற்றாக்குறை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெஷின் வாரியாகப் பார்த்தார்கள், லைன் வாரியாகப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. பவர் டேபிள் எனப்படும் தையல் மெஷின்களின் கணக்கு எழுதும் அக்காதான் காலண்டரைக் காட்டினார். "மேடம், அந்த மாசம் அஞ்சு சனிக்கிழமைங்க!"

திருப்பூரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. ஆகஸ்டில் 2, 9, 16, 23, 30 என்று ஐந்து சனி. கூலி, கொடுத்த தேதியில் செலவாக எழுதப்படுகிறது. ஆகஸ்ட் 2-ல் கொடுத்ததில் பெரும்பகுதி ஜூலை வேலைக்கு. அடுத்த மாதம் நான்கு சனிதான், கோடு இறங்காமல் என்ன செய்யும்? வேலை நடந்த நாளின்படி கூலியைப் பிரித்து, மாத முடிவில் நிலுவைக்கு ஒதுக்கீடு போட்டதும் அந்த மலை தரைமட்டமானது.

நான் பார்த்த எல்லாவற்றிலும் இதுதான் எனக்குத் திருவிழா. அந்தப் பிசகு வருடக்கணக்காக அங்கே இருந்தது. வருடம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் சமமாகிவிடுவதால் ஆடிட்டில் பெரிதாக உறுத்தவில்லை. ஆனால் அந்த மாதத்துக் கூலியை வைத்து ஆர்டருக்கு விலை போட்டவர் கூடுதலாகக் கேட்டு ஆர்டரை இழந்திருக்கலாம். அடுத்த மாதக் கூலியை வைத்துப் போட்டவர் குறைத்துக் கேட்டு லாபத்தை இழந்திருக்கலாம். அதைக் கண்டுபிடித்தது எந்த மென்பொருளும் இல்லை, அந்த அக்கா. மென்பொருள் செய்தது, அவர் கண்ணில் படும் இடத்தில் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து வைத்ததுதான். அதுவே பெரிய உதவி. இன்றைக்கு இந்த மென்பொருள்களிடம் பேச்சு வழக்கில் கேள்வி கேட்டு பதில் வாங்கும் செயற்கை நுண்ணறிவு வசதிகளும் வந்துவிட்டன. வரட்டும், நல்லதுதான். சனிக்கிழமைச் சம்பளம் என்ற ஒன்று இருப்பதை அதற்கு யாராவது சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டாவது கண்டுபிடிப்பு பாக்கிப் பட்டியலில். எந்த மென்பொருளை எடுத்தாலும் பாக்கியை 30, 60, 90 நாள் என்று அடுக்குவதுதான் வழக்கம். நமக்கு வேண்டியது 15, 45. வருமான வரிச் சட்டத்தில் 2023-ல் 43பி(எச்) பிரிவாகச் சேர்க்கப்பட்ட விதியின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். தாண்டினால், பணம் கொடுத்த வருடத்தில்தான் அது செலவாக ஏற்கப்படும். சாயமிடுதல், பிரிண்டிங், காம்பாக்டிங் எல்லாமே பெரும்பாலும் சின்ன யூனிட்டுகள் கையில் இருக்கும் ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம்! அடுக்கை மாற்றியதும் அந்தப் பக்கம்தான் மேடம் காலையில் முதலில் திறக்கும் பக்கமானது. 38-ஆம் நாளில் நிற்கும் ஒரு பிரிண்டிங் யூனிட்டின் பில் மஞ்சளில் ஒளிர்ந்தது. அன்றே காசோலை போனது. வரி மிச்சம் ஒருபுறம். அந்தச் சின்ன யூனிட்டுக்காரருக்குப் பணம் நேரத்துக்குக் கிடைத்தது என்பதுதான் எனக்கு அதிக மகிழ்ச்சி.

யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். மெர்ச்சன்டைசருக்குத் தன் பையர் மட்டும், ஃபேக்டரி மேனேஜருக்குத் தன் யூனிட் மட்டும், தனிநபர் சம்பளம் யாருக்கும் இல்லை. இதை அமைத்தால் மட்டும் போதாது. அந்த ஆளாக உள்ளே நுழைந்தால் என்ன தெரிகிறது என்று பார்க்க பவர் பிஐயில் 'வியூ ஆஸ்' என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொருவராக மாறி மாறி உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இணைப்பை அனுப்பினார்கள்.

இப்போது அந்தத் திரையில் விற்பனை என்ற எண்ணை முதலாளி தொட்டால் பையர் வாரியாக விரிகிறது. பையரைத் தொட்டால் இன்வாய்ஸ். இன்வாய்ஸைத் தொட்டால் டேலி வவுச்சர் எண், தேதி, அன்றைய டாலர் விகிதம். மூன்றே தொடுதலில் அடிவரை!

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஒன்று வாங்கப் போகிறார்கள் என்றால், தயவுசெய்து டெமோ அறையில் கணக்கு எழுதுகிறவர்களையும் உட்கார வையுங்கள். பவர் டேபிள் கணக்கு பார்க்கும் அக்கா வரை. போன மார்ச் மாதத்து டேட்டாவைக் கொடுங்கள். திரையில் வந்து நிற்கும் முதல் எண்ணைத் தொட்டு, இதன் வவுச்சரைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வவுச்சர் வரவில்லை என்றால், வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அன்றைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.